மணிக்கூடு திருத்திய தந்தை



சிலுவையையும் உரோசா மலர்களையும் மார்போடு அணைத்து நிற்கும் சிறுமலர் திரேசம்மாளின் சொரூபத்தை எமது ஆலயங்கள் பலவற்றில் காண்கின்றோம். நவநாள் செபங்களில் அவரது பரிந்துரையை நாடுகின்றோம். ஆயினும் அவரை வளர்த்தெடுத்த தந்தையை எம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர் ஆயரோ துறவியோ மறைசாட்சியோ அல்லர். மணிக்கூடு திருத்தும் தொழிலாளி. மனைவியை இழந்தபின் ஐந்து பெண்பிள்ளைகளை ஆளாக்கியவர். பெயர் லூயிஸ் மார்ட்டின்.

1823 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22 ஆம் திகதி பிரான்சின் போர்தோ நகரில் ஓர் இராணுவ வீரரின் மகனாகப் பிறந்தவர் இவர். மணிக்கூட்டுத் தொழிலை ஊர் ஊராகச் சென்று கற்றார். 1845 இல் அல்ப்ஸ் மலையிலுள்ள பெரிய புனித பெர்னார்து மடத்தின் கதவைத் தட்டினார். இலத்தீன் கற்றுவருமாறு அனுப்பிவிட்டார்கள். ஊர் திரும்பிப் படித்தார். முயற்சி பாதியில் நின்றுபோயிற்று. குருமடத்தில் இலத்தீன் இலக்கணத்தோடு மல்லாடிய எனக்கு இந்த இடத்தில் அவர்மீது தனிப் பரிவு உண்டு.

1850 இல் அலென்சோன் நகரில் கடை திறந்தார். மயிரிழை பிசகினாலும் நேரம் தவறும் சின்னஞ்சிறு பற்சக்கரங்களைக் கழற்றித் துடைத்து மீண்டும் பூட்டும் வேலை அது. அவசரக்காரருக்கு ஏற்றதன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கடை பூட்டியே இருந்தது. வாடிக்கையாளர் வரும் நாள் அதுவே, திறந்தால் என்ன என்று நண்பர்கள் வற்புறுத்தியும் அவர் இணங்கவில்லை.

1858 யூலை 13 ஆம் திகதி செலி குவெரின் என்ற பெண்ணைக் கரம் பிடித்தார். அவர் அலென்சோனின் புகழ்பெற்ற றேந்தைப் பின்னலில் கைதேர்ந்தவர். பலருக்கு வேலை கொடுத்துத் தொழில் நடத்தியவர். அத்தொழில் பெருகியபோது, 1870 இல், லூயிஸ் தம் கடையை மருமகனிடம் விற்றுவிட்டு மனைவியின் கணக்கு வழக்குகளையும் வெளியூர்ப் பயணங்களையும் ஏற்றுக்கொண்டார். இதை வாசிக்கும் ஆண்கள் சற்று நின்று யோசிக்கலாம். இன்றும்கூட இது எம்மில் பலருக்கு எளிதில் செரிக்கும் செய்தியன்று. எல்லாப் பெண்களுக்கும் தம் கணவரைப் போன்ற ஒருவர் வாய்க்க வேண்டும் என்ற கருத்தில் செலி தம் தம்பிக்குக் கடிதம் எழுதியிருக்கின்றார்.

ஒன்பது பிள்ளைகள் பிறந்தனர். நால்வரைச் சிறுபராயத்திலேயே மண்ணுக்குக் கொடுத்தனர். 1877 ஓகஸ்ட் 28 இல் செலியும் மார்புப் புற்றுநோயால் இறந்தபோது கடைக்குட்டி திரேசாவுக்கு வயது நான்கு. தாய்மாமன் குடும்பத்தின் அரவணைப்பில் பிள்ளைகள் வளரட்டும் என்று, பழகிய ஊரையும் நண்பர்களையும் விட்டு, லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தார்.

பவுலினாவும் மரியாவும் ஏற்கெனவே கார்மேல் மடம் புகுந்திருந்தனர். 1887 பெந்தெகோஸ்து ஞாயிறன்று மாலை, பதினான்கு வயதுத் திரேசா தானும் போக விரும்புவதாக வீட்டுத் தோட்டத்தில் வைத்துத் தந்தையிடம் கேட்டார். அவர் கண்கலங்கினார், மறுக்கவில்லை. மதிலோரம் பூத்திருந்த சிறிய வெள்ளை மலரொன்றை வேரறாமல் பிடுங்கி மகளின் கையில் கொடுத்தார். அதே ஆண்டில், அனுமதி வேண்டி மகளை ஆயரிடமும், உரோமையில் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயரிடமும் அழைத்துச் சென்றவரும் அவரே. 1888 ஏப்ரல் 9 ஆம் திகதி மகள் மடத்துள் சென்றார்.

அவ்வாண்டு யூன் மாதத்தில் தந்தை வீட்டைவிட்டுக் காணாமற்போனார். சில நாட்களின் பின்னரே லு ஹாவர் துறைமுக நகரில் கண்டுபிடித்தனர். மூளைக் குருதிக்குழாய்களைத் தாக்கிய நோய் அவரது நினைவைக் குலைத்திருந்தது. 1889 பெப்ரவரி 12 இல் கான் நகரிலுள்ள மனநோயாளர் மருத்துவமனையில் சேர்த்தனர். மூன்றாண்டுகளுக்கு மேல் அங்கிருந்தார். பிள்ளைகள் மடத்துக்குப் போனதாலேயே தகப்பனுக்கு இந்தக் கதி என்று ஊர் பேசியது. அந்தப் பேச்சு மடத்துக்குள்ளும் எட்டியது.

நோயாளருக்கு நற்கருணை கொண்டுசென்ற ஒருநாள், ஒரு வீட்டின் பின்னறைக் கதவு சாத்தியிருக்கக் கண்டேன். “ஐயாவுக்கு இப்ப ஒண்டும் விளங்காது, சுவாமி. அவரை விடுங்கோ” என்றார்கள். வெறுப்பினால் அல்ல, வெட்கத்தினால். அந்த ஐயா தச்சுத் தொழிலாளி. எங்கள் கோயில் வாங்குகள் அவர் இழைத்தவை. ஞாயிறுதோறும் அக்குடும்பம் அமர்வதும் அவற்றில்தான். கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே போனேன். நன்மை வாங்கும் நிலையில் அவர் இல்லை. நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்தபோது தாமும் கையை உயர்த்த முயன்றார்.

2015 ஒக்ரோபர் 18 ஆம் திகதி திருத்தந்தை பிரான்சிஸ், லூயிசையும் செலியையும் தம்பதியராக ஒன்றாகப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். ஞாயிற்றுக்கிழமை பூட்டிய கடையின் ஆண்டுகள் மட்டுமல்ல, கான் மருத்துவமனையின் ஆண்டுகளும் அவரது புனித வாழ்வின் பகுதியே.

கால்கள் செயலிழந்த பின், 1892 மே மாதம் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தனர். அம்மாதம் 12 ஆம் திகதி கார்மேல் மடத்துக்கு அழைத்துச் சென்றபோது, கம்பித் தடுப்புக்கு அப்பால் மூன்று மகள்மாரும் நின்றனர். பேச்சு வரவில்லை. விடைபெறும்போது, ஒருகாலத்தில் நுண்ணிய சக்கரங்களைத் திருத்திய விரலை மேலே உயர்த்தி, விண்ணகத்தில் சந்திப்போம் என உணர்த்தினார்.

1894 யூலை 29 ஆம் திகதி அவர் இறைபதம் அடைந்தார். இறுதிவரை உடனிருந்து பராமரித்த மகள் செலினா, செப்டெம்பர் 14 ஆம் திகதி தாமும் கார்மேல் மடம் புகுந்தார்.