வேற்றுருக்கொண்ட நம் சொற்கள்

ஆங்கிலத்தில் வழக்கொழிந்த அருஞ்சொற்களைத் தேடி மனனஞ் செய்யும் மாணாக்கர்க்கு நாம் ஒன்று கூற விரும்புகின்றோம். யூல், பர்னெல் இருவரும் தொகுத்து 1886-இல் வெளிவந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதியிற் 'கானிகோபொலி' என்றொரு சொல் உண்டு. இலத்தீனோ என மயங்கற்க. அது நம் கணக்கப்பிள்ளையே! ஆங்கிலத்தில் அச்சொல் மாண்டது, தமிழில் வாழ்கின்றது.

'ஷோலா'வின் கதையோ வேறு. குன்னூர் முதலிய இடங்களில் மலையிடைப் பள்ளங்களில் அடர்ந்த காட்டிற்கு ஆங்கிலேயர் இட்ட அப்பெயர், நம் சோலையின் திரிபே. அதனை வனநூலார் இன்றும் வழங்குகின்றனர். ஆயின் நம்மவருட் சிலரும் 'ஷோலாக் காடு' என்றே எழுதுகின்றனர். வெளிச்சென்ற நம் சொல் வீடு திரும்புகையில் அதனை அந்நியமெனக் கொள்ளுதல் தகுமோ? அருஞ்சொற் காணுந்தோறும் அதன் பிறப்பிடத்தையும் நாடுக. சோலையைச் சோலையென்றே எழுதுக.