செவ்வாயில் ஊர் கட்டும் பிள்ளையைத் திட்டாதீர்கள்!

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் போதும், பல வீடுகளில் தினமும் இந்தச் சத்தம்தான்.

''எந்நேரமும் கம்ப்யூட்டர் முன்னாடியே உட்கார்ந்திருக்கியே... கண்ணு என்னத்துக்குடா ஆகும்?''

அம்மாவின் கவலை நியாயமானது. ஆனால், எல்லா வீடியோ கேமையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமில்லை. பணம் கட்டி ஆடுவது வேறு. 2025-ல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்தது அதைத்தான். சுட்டுத் தள்ளும் ஆட்டம் வேறு. நிதானமாக யோசித்து ஆடும் ஆட்டம் வேறு.

'சர்வைவிங் மார்ஸ்' இந்த மூன்றாவது ரகம். பல்கேரிய நாட்டு 'ஹேமிமான்ட் கேம்ஸ்' உருவாக்கி, 2018-ல் வெளியானது. செவ்வாய் கிரகத்தில் ஊர் கட்ட வேண்டும். செலவை ஏற்கும் நாடுகளில் நம் இந்தியாவும் உண்டு! முதலில் அங்கே போவது எந்திரங்கள்தான். தண்ணீர், ஆக்ஸிஜன், மின்சாரம் மூன்றுக்கும் வழி செய்து, கண்ணாடிக் கூரை போட்ட குடியிருப்பைக் கட்டிய பிறகுதான் மனிதர்களை அழைக்க வேண்டும். நடுவில் புழுதிப் புயல் வரும். முன்கூட்டியே சேமித்து வைக்காதவர் பாடு திண்டாட்டம்தான்.

''செவ்வாயில் ஊர் கட்டி என்ன ஆகப் போகுது?'' என்கிறீர்களா?

காஞ்சிபுரம் பக்கத்தில் இருக்கும் கூரத்தைப் பாருங்கள். 7-ம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேஸ்வரவர்மன் வழங்கிய கூரம் செப்பேடு, ஓர் ஊர் வாழ என்னென்ன வேண்டும் என்று சொல்கிறது. ஓர் ஏரி. அதற்குப் பாலாற்றிலிருந்து 'பெரும்பிடுகு' என்ற கால்வாய். கட்டடத்துக்குச் செங்கல் சுட இடம். மண்டபத்தில் தண்ணீருக்கும் நெருப்புக்கும் ஏற்பாடு. அங்கே பாரதம் வாசிக்கவும் தனியாக ஒரு பங்கு!

வயிற்றுக்கு மட்டுமல்ல, மனசுக்கும் ஏதாவது வேண்டும் என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது. இந்த ஆட்டமும் அதைத்தான் சொல்கிறது. சோறும் காற்றும் கொடுத்தால் மட்டும் போதாது. வசதி குறைந்தால், குடியேறியவர்கள் பூமி ஏக்கம் பிடித்து ராக்கெட் ஏறிவிடுவார்கள். ராத்திரி ஷிப்டில் வேலை வாங்கினால் அவர்கள் மனநலம் கெடும்!

வேடிக்கை என்னவென்றால், செவ்வாய்க்காரனின் மனநலத்துக்காகக் கவலைப்படும் நம் பிள்ளை, தானே ராத்திரி ஒரு மணி வரை விழித்திருக்கிறான். இந்த மாதிரி ஆட்டத்தில் உள்ள ஆபத்தும் அதுதான்.  'இந்த ஒரு கட்டடத்தை முடிச்சிட்டு வர்றேன்' என்றே நேரம் ஓடிவிடும்.

அதனால், பிடுங்கி வைப்பதைவிட இப்படிச் செய்து பாருங்களேன்:

* ''உடனே அணை'' என்று கத்தாதீர்கள். ''சேவ் பண்ணிட்டு வா'' என்று சொல்லுங்கள். விட்ட இடத்திலிருந்து நாளைக்குத் தொடரலாம்.

* 20 நிமிஷத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் இருப்பதை 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்கு ஓய்வு.

* தினமும் ஒரு மணி நேரமாவது ஓடியாடி விளையாடட்டும். 13 வயதைத் தாண்டிய பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் அவசியம்.

* பக்கத்தில் உட்கார்ந்து, ''தண்ணிக்கு என்னடா ஏற்பாடு பண்ணியிருக்கே?'' என்று கேளுங்கள். அவன் சொல்லச் சொல்ல, நீங்களே அசந்துபோவீர்கள்!

ஆட்டத்தை நிறுத்தவே முடியாமல் போய், சாப்பாடு, படிப்பு, நண்பர்கள் எல்லாம் பின்னுக்குத் தள்ளப்பட்டு, கெடுதல் என்று தெரிந்தும் தொடர்ந்தால் அது வேறு விஷயம். பெரும்பாலும் 12 மாதம் இப்படி நீடித்தால், உலக சுகாதார நிறுவனம் அதை நோயாகவே வகைப்படுத்தியிருக்கிறது. ஆனால், அத்தனை மாதம் காத்திருக்க வேண்டாம். அறிகுறி தெரிந்ததுமே மனநல மருத்துவரைப் பாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மற்றபடி, ஊர் கட்டட்டும், விடுங்கள். அந்த ஊருக்குக் கொடுக்கும் அக்கறையைத் தன் உடம்புக்கும் கொடுக்கக் கற்றுக்கொடுப்பது மட்டும் நம் வேலை.