நீளப் பெயரால் கணினி களைத்துப் போகுமா?



பதுளையில் உயர்தரம் படிக்கும் மாணவி ஒருத்தி சென்ற மாதம் தன் உம்மாவுடன் வந்தாள். உம்மா பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் அருகே சிறுகடை நடத்துபவர். மகள் கைக்காசுக் கொழுந்துக் கணக்குப் பார்க்கப் பைதன் மொழியில் ஒரு நிரல் எழுதியிருந்தாள். விடை பிழைத்துக்கொண்டே இருந்ததாம். இரண்டு இரவு தூக்கமில்லை.

தாளை வாங்கிப் பார்த்தேன். கே1, கே2, கே3 என்றே பெயர்கள். எது கிலோ, எது கழிவு, எது கூலி? அவளுக்கே தடுமாற்றம்.

"நீளமாப் பேர் வெச்சா புரோகிராம் ஸ்லோவாகும் என்று நானா சொன்னார், மௌலவி."

நானா சொன்னது முழுப் பொய்யல்ல. காலம் கடந்த உண்மை. 1982இல் வந்த கொமடோர் 64 கணினியின் பேசிக் மொழி, நிரல் ஓடும்போதே பெயர்களை எழுத்தெழுத்தாக வாசித்தது. நீண்ட பெயர் சிறிது நேரத்தையும் இடத்தையும் தின்றது. இருந்த நினைவகமே 64 கிலோபைட்! அத்துடன் பெயரின் முதல் இரண்டு எழுத்தை மட்டுமே அது கவனிக்கும்.

இன்றைய நிலை வேறு. தோட்டத்துச் செக்ரோலை நினைத்துப் பாருங்கள். கொழுந்து பறித்தவரின் பெயர் நீளமா குட்டையா என்று தராசு கேட்பதில்லை. கிலோ அவர் நம்பருக்கு நேரே விழும். பாஸ்கல், சி போன்றவற்றில், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பான் பெயரை எடுத்துவிட்டு நினைவக இடத்தைப் போட்டுவிடும். பைதனிலோ, செயற்கூறுக்குள் இருக்கும் மாறிகள் வரிசை எண்ணால் எடுக்கப்படும். வெளியே உள்ளவை பெயரால் தேடப்பட்டாலும், பெயருக்குரிய அடையாள எண் ஒருமுறைதான் கணிக்கப்படும். நீளத்தால் உணரத்தக்க தாமதமில்லை. இணையப் பக்கங்களுக்கான ஜாவாஸ்கிரிப்டில் பெயரைக் குறுக்குவது, கோப்பு விரைவாக வந்து சேரத்தான்.

2008இல் வந்த பைதன் 3 முதல் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்றேன். பிள்ளை அங்கேயே உட்கார்ந்து மாற்றி எழுதினாள்: பறித்த_கிலோ பெருக்கல் கிலோ_கூலி, அதிலிருந்து கழிவு_கிலோவைக் கழி.

அதுவரை வாய் திறக்காத உம்மா, கணினியைத் தொட்டே பார்த்திராதவர், தாளை எட்டிப் பார்த்தார்.

"கழிவைக் கிலோவிலதானே கழிக்கணும், மகள்? நீ காசில கழிச்சிருக்கிறியே."