கல்லூரி வாத்தியாருக்கு நிரந்தர வேலை எப்போது?

கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறினால் சிறிது நேரத்தில் பொன்னேரி வந்துவிடும். அங்கே உலகநாத நாராயணசாமி அரசுக் கல்லூரி இருக்கிறது. சிப்காட் தொழிலாளியின் பிள்ளையும், வயலில் பாடுபடுகிறவரின் பிள்ளையும் குறைந்த செலவில் பட்டம் பெற இத்தகைய கல்லூரிகள்தான் வழி.

இந்த அரசுக் கல்லூரிகளில் இரண்டு வகை ஆசிரியர்கள் உண்டு. ஒருவர் நிரந்தர உதவிப் பேராசிரியர். மற்றவர் கௌரவ விரிவுரையாளர். பாடம் ஒன்றுதான். சம்பளம்தான் வேறு!

பெயரில் மட்டும் கௌரவம்

புதிதாகச் சேரும் நிரந்தர ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளமே மாதம் 57,700 ரூபாய். அதற்கு மேல் பஞ்சப்படி உண்டு. கௌரவ விரிவுரையாளருக்கு 2024-இல் கிடைத்தது 25,000 ரூபாய். மாதம் 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-லேயே கூறியிருந்தது.

ஆகவே, ஆசிரியர் தேர்வு வாரியம் எப்போது விண்ணப்பம் கேட்கும் என்று பலர் காத்திருக்கிறார்கள்.

மாறிய விதி

2013-இல் 1,093 இடங்களுக்கு ஆள் எடுத்தார்கள். அப்போது எழுத்துத் தேர்வு இல்லை. மொத்தம் 34 மதிப்பெண். பாடம் நடத்திய அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2 வீதம் 15 வரை. டாக்டர் பட்டத்துக்கு 9. நேர்முகத் தேர்வுக்கு 10. அனுபவச் சான்றிதழ் தங்கத்துக்குச் சமமாக இருந்தது!

2024-இல் வந்த அறிவிப்பில் எழுத்துத் தேர்வு புகுந்தது. 4,000 இடங்கள் என்றார்கள். ஆனால் தேர்வு தள்ளிப்போயிற்று. 2025 அக்டோபரில் 2,708 இடங்களுக்கு மறுபடியும் விண்ணப்பம் கேட்டார்கள்.

எது நியாயம்? அனுபவத்தை மட்டும் பார்த்தால், நேற்றுப் படித்து முடித்த கெட்டிக்காரருக்கு இடம் இல்லை. தேர்வை மட்டும் பார்த்தால், பத்து வருஷம் பாடம் நடத்தியவர் தம் மாணவரோடு சேர்ந்து பரீட்சை எழுத வேண்டும். இரண்டுக்கும் இடம் கொடுப்பதே நியாயம்.

அமெரிக்காவில் எப்படி?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதலில் சில ஆண்டுகள் சோதனைக் காலம். பொதுவாக ஆறாம் ஆண்டில் ஆசிரியர் தம் ஆராய்ச்சி, போதனை எல்லாவற்றையும் தொகுத்துக் கொடுப்பார். தேறினால் நிரந்தரம். தேறாவிட்டால் வெளியேற வேண்டியதுதான். கடுமையான முறைதான். ஆனால் முடிவு எப்போது வரும் என்பது முன்பே தெரியும்.

கையில் இருக்க வேண்டியவை

முதுகலையில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும். நெட், செட் தேர்வு அல்லது விதிப்படி பெற்ற டாக்டர் பட்டம் வேண்டும். வேலை பார்த்த ஒவ்வொரு கல்லூரியிலும் அனுபவச் சான்றிதழை அவ்வப்போதே வாங்கி வைப்பது நல்லது. பத்து ஆண்டு கழித்துத் தேடினால், கையெழுத்துப் போட்ட முதல்வர் ஓய்வு பெற்றிருப்பார்!

ஆசிரியர் கையில் காகிதம் தயாராக இருந்தால் போதாது. அரசும் ஆண்டுதோறும் குறித்த நாளில் தேர்வு நடத்த வேண்டும். நாளைய சம்பளத்தை எண்ணிக் கவலைப்படும் வாத்தியாரால் இன்றைய பாடத்தில் மனம் செலுத்த முடியுமா? நஷ்டம் அவருக்கு மட்டும் அல்ல. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும்தான்.