கென்ஷினைத் தெரியும், தோமோயேவைத் தெரியுமா?



நம்ம பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு பெஞ்சுகளில் இப்போது காம்பஸ் முனையால் கீறிய பெருக்கல் குறிகள் நிறைய தென்படுகின்றன. மாணவர்களுக்குக் கணக்கில் ஆர்வம் வந்துவிட்டது என்று ஆசிரியர்கள் சந்தோஷப்பட வேண்டாம்! அது 'ரூரோனி கென்ஷின்' என்ற ஜப்பானிய அனிமே தொடரின் நாயகனுக்கு இடது கன்னத்தில் இருக்கும் தழும்பு. இந்தத் தழும்பினால்தான் இத்தொடர் வெளிநாடுகளில் 'சாமுராய் எக்ஸ்' என்ற பெயரிலும் வந்தது.

இந்தத் தொடரைப் பற்றி நம் பள்ளியில் இரண்டு கட்சி இருக்கிறது. ஒரு கட்சி, மரஸ்கேலை இடுப்பில் சொருகிக்கொண்டு "செம சண்டைடா மச்சான்" என்று சொல்லும் கட்சி. இன்னொன்று, "கொலை, ரத்தம், பழிக்குப்பழி, இதைப் பார்த்தா பிள்ளைங்க உருப்படுமா?" என்று கேட்கும் பெரியவர்கள் கட்சி. இரண்டு கட்சியையும் பார்த்து நான் கேட்பது ஒரே கேள்விதான். அந்தத் தழும்பு எப்படி வந்தது தெரியுமா? கேட்டுப் பார்த்தேன். பெஞ்சில் கீறியவர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாட்சுகி நோபுஹிரோ என்பவர் 1994 முதல் 1999 வரை ஒரு வாரப் பத்திரிகையில் வரைந்த படக்கதை இது. மொத்தம் 28 புத்தகம். 1996-இல் டி.வி. தொடராக வந்து 1998 வரை ஓடியது. 2023-இல் மறுபடியும் புதிதாக எடுக்க ஆரம்பித்தார்கள். கதை நடப்பது 1878-இல். ஷோகுன் ஆட்சி ஒழிந்து, மெய்ஜி பேரரசர் பெயரில் புது அரசாங்கம் வந்து பத்து வருஷம் ஆகிவிட்டது. பொது இடத்தில் வாள் வைத்திருக்கக் கூடாது என்று 1876-லேயே சட்டம் போட்டாச்சு. அந்தக் காலத்தில் ஒருத்தன் இடுப்பில் வாளோடு ஊர் ஊராக அலைகிறான். அந்த வாளில் கூர் எந்தப் பக்கம் இருக்க வேண்டுமோ அங்கே இல்லை, முதுகுப் பக்கம் இருக்கிறது. அடித்தால் எலும்பு உடையும், உயிர் போகாது. அவன்தான் ஹிமுரா கென்ஷின். பத்து வருஷத்துக்கு முன்னால் கியோட்டோ நகரமே பயந்த கொலையாளி. இனிமேல் ஒரு உயிரைக்கூட எடுப்பதில்லை என்று சத்தியம் செய்துகொண்டவன்.

டி.வி. தொடரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் 62 பகுதிகள் நன்றாக இருக்கும், அதற்குப் பிறகு 94 வரைக்கும் ஒரே இழுவை. படக்கதையில் உள்ள கடைசிப் பெரிய கட்டம், அதாவது பழிவாங்கும் கட்டம், பழைய தொடரில் வரவே இல்லை! (முதல் டைட்டில் பாட்டின் பெயர் 'முகத்துப் புள்ளிகள்'. வாளுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கண்டுபிடித்தால் சொல்லவும். பாட்டு மட்டும் சூப்பர்.)

நான் பேச வந்தது 1999-இல் தனியாக வெளிவந்த நான்கே நான்கு பகுதிகளைப் பற்றி. இயக்கியவர் ஃபுருஹாஷி கசுஹிரோ. இதில் ஜோக் கிடையாது, கண் பெரிதாகி உருளுவது கிடையாது. கென்ஷின் எப்படிக் கொலையாளி ஆனான் என்பதுதான் கதை.

ஆரம்பமே நெஞ்சை அடைக்கும். ஷிந்தா என்ற சின்னப் பையன். பெற்றோர் இல்லாததால் அடிமை வியாபாரிகள் கையில் சிக்கியவன். வழியில் கொள்ளைக்காரர்கள் பாய்ந்து எல்லாரையும் வெட்டுகிறார்கள். கூட இருந்த பெண்கள் அவனை மறைத்துக் காப்பாற்றிவிட்டுச் சாகிறார்கள். அந்தப் பக்கம் வந்த ஒரு வாள் வீரர் கொள்ளைக்காரர்களைக் கொன்றுவிட்டுப் போய்விடுகிறார். பிறகு அவர் திரும்பி வந்து பார்த்தால், அந்தப் பையன் செத்தவர்களுக்கெல்லாம் குழி தோண்டிப் புதைத்திருக்கிறான். காப்பாற்றிய பெண்களை மட்டுமா? அடிமை வியாபாரிகளையும் புதைத்திருக்கிறான், கொள்ளைக்காரர்களையும் புதைத்திருக்கிறான். செத்த பிறகு எல்லாம் உடம்புதான் என்று அந்த வயதில் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படிப்பட்ட பையனைத்தான் அந்த வீரர் சிஷ்யனாக்கிக் கென்ஷின் என்று பெயர் வைக்கிறார். அவனைத்தான் பதினாலு வயதில் புரட்சிக்காரர்கள் கொலை வேலைக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள். பதினாலு வயசுன்னா நம்ம ஒன்பதாம் வகுப்பு! அதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

ஒருநாள் இரவு ஒரு அதிகாரியைக் கொல்லப் போகிறான். காவலுக்கு வந்தவர்களில் கியோசாட்டோ என்ற இளைஞன். பெரிய வீரன் ஒன்றும் இல்லை. ஆனால் விழுகிறான், எழுகிறான், மறுபடி விழுகிறான், சாகமாட்டேன் என்கிறான். ஏனென்றால் ஊரில் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருக்கிறது. அவனுடைய வாள் கென்ஷின் கன்னத்தில் ஒரு கோடு போடுகிறது. அதுதான் பெருக்கல் குறியின் முதல் கோடு.

அவனுக்கு நிச்சயித்திருந்த பெண்தான் யுகிஷிரோ தோமோயே. "போகாதே" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்பிவிட்டோமே என்று உள்ளுக்குள் வெந்துபோனவள். கொன்றவனைத் தேடிக் கியோட்டோவுக்கு வருகிறாள். கென்ஷினின் எதிரிகளோடு சேர்ந்து, அவனுடைய பலவீனம் என்ன என்று கண்டுபிடித்துச் சொல்வதற்காக அவன் பக்கத்திலேயே தங்குகிறாள்.

1864 கோடையில் கியோட்டோவில் இகெடாயா என்ற சத்திரத்தில் ஷின்செங்குமி படை நுழைந்து புரட்சிக்காரர்களை வெட்டிச் சாய்த்தது. அது நிஜமாகவே நடந்த வரலாறு. அதற்குப் பிறகு கென்ஷினும் தோமோயேவும் ஓட்சு பக்கம் ஒரு கிராமத்தில் புருஷன் பெண்டாட்டி மாதிரி ஒளிந்து வாழ்கிறார்கள். மருந்து விற்கிறான், முள்ளங்கி பயிர் செய்கிறான். அந்தப் பகுதி முழுக்க ஒரு சண்டையும் கிடையாது. நம்ம சண்டைக் கட்சிக்காரர்கள் இந்த இடத்தில் ரிமோட்டை எடுத்து ஓட்டிவிடுவார்கள். தயவு செய்து ஓட்டாதீர்கள்! அந்த மொத்தத் தொடரிலும் உயிரான இடம் இதுதான். கென்ஷின் பகலில் தூங்க ஆரம்பிக்கிறான். அதுவரைக்கும் வாளைக் கட்டிப்பிடித்துச் சுவரில் சாய்ந்து அரைத் தூக்கம் தூங்கியவன். அவளும் அவனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். தான் தேடி வந்த கொலைகாரன் இவனா, இந்தச் சின்னப் பையனா என்று.

கடைசியில் என்ன ஆகிறது? பனி கொட்டும் காட்டில் எதிரிகள் அவனைச் சூழ்ந்து கண், காது எல்லாம் மங்க வைக்கிறார்கள். கடைசி எதிரிக்கும் அவனுக்கும் நடுவில் தோமோயே பாய்கிறாள். கென்ஷினின் ஒரே வெட்டு இரண்டு பேரையும் வெட்டிவிடுகிறது. அவளுடைய குத்துவாள்தான் அவன் கன்னத்தில் இரண்டாவது கோட்டைப் போடுகிறது.

பெஞ்சில் கீறும் நண்பர்களே, நீங்கள் கீறுவது இதைத்தான். ஒரு கோடு, அவன் கொன்ற மாப்பிள்ளை. இன்னொரு கோடு, அவன் கொன்ற பொண்ணு.

என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையில் வீரம் என்றால் அது தோமோயே செய்ததுதான். கென்ஷின் கொல்வதை விட்டது சரி. ஆனால் அவன் அதற்குள் எவ்வளவோ பேரைக் கொன்று முடித்துவிட்டான். தோமோயே கையில் நியாயம் இருந்தது, வாய்ப்பும் இருந்தது. தூங்குகிறவன் கழுத்துக்குப் பக்கத்தில் எத்தனை ராத்திரி இருந்திருப்பாள்! அப்படி இருந்தும் விட்டாள். யாரும் அவளுக்கு அறிவுரை சொல்லவில்லை, சட்டமும் தடுக்கவில்லை.

சட்டம் என்றதும் ஒரு விஷயம். ஜப்பானில் அப்போது பழிவாங்குவது குற்றமே இல்லை! அப்பா, அண்ணன் மாதிரி தன்னைவிட மூத்த உறவினரைக் கொன்றவனைத் தேடிப்போய்க் கொல்லலாம். தன் பிரபுவிடம் அனுமதி வாங்க வேண்டும், அதிகாரிகளிடம் பதிவு செய்ய வேண்டும். செத்தவனுடைய மகன் திருப்பிப் பழிவாங்கக் கூடாது என்றும் விதி இருந்தது. ரேஷன் கார்டுக்குப் பதிவு செய்வது மாதிரி கொலைக்குப் பதிவு! 1873 பிப்ரவரியில்தான் மெய்ஜி அரசாங்கம் இதைத் தடை செய்தது.

தடை செய்தால் நின்றுவிடுமா? உசுய் ரோகுரோ என்று ஒருவர். கியூஷு தீவில் அகிசுகி என்ற ஊர். 1868-இல் ஒரு ராத்திரி அவருடைய அப்பாவையும் அம்மாவையும் சொந்த ஊர்க்காரர்களே அரசியல் பகையில் வெட்டிக் கொன்றார்கள். அப்போது அவர் சிறுவன். கொன்றவர்களுக்குத் தண்டனை இல்லை. அப்பாவைக் கொன்றவன் புது ஆட்சியில் நீதிபதியாகவே ஆகிவிட்டான். பன்னிரண்டு வருஷம் காத்திருந்து 1880 டிசம்பரில் டோக்கியோவில் அவனைக் கொன்றுவிட்டு, ரோகுரோ நேராகப் போய்ச் சரணடைந்தார். பத்து வருஷம் முன்னால் என்றால் ஊரே கொண்டாடியிருக்கும். இப்போது ஆயுள் தண்டனை. சுமார் பத்து வருஷம் ஜெயிலில் இருந்து வெளியே வந்தார். கென்ஷின் கதை நடப்பதாகச் சொல்லும் காலத்துக்கு இரண்டே வருஷம் கழித்து இது நிஜத்தில் நடந்திருக்கிறது.

இந்த ரோகுரோவைப் பற்றிப் படித்த பிறகுதான் எனக்குத் தொடர் மேலேயே ஒரு கோபம் வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன், ரசிகர்கள் அடிக்க வரக் கூடாது. கென்ஷினுக்குக் கொலை உத்தரவு போட்டது யார்? சோஷு பகுதித் தலைவர் கட்சுரா கோகோரோ. இவர் நிஜ மனிதர். புது அரசாங்கம் வந்ததும் கிடோ தகயோஷி என்ற பெயரில் பெரிய பதவியில் இருந்து 1877-இல் நோயால் இறந்தார். தொடரில் அவரை எவ்வளவு கண்ணியமாகக் காட்டுகிறார்கள்! வருத்தப்படுகிறார், பெருமூச்சு விடுகிறார், அவ்வளவுதான். பதினாலு வயசுப் பையன் ராத்திரி ராத்திரி ரத்தம் கழுவிக்கொண்டு நிற்கிறான். பாவமன்னிப்பு முழுக்க அவன் தலையில். உத்தரவு எழுதிய கை சுத்தமாக இருக்கிறது.

கென்ஷினுக்கு மாதிரியாக வாட்சுகி எடுத்துக்கொண்டது கவகாமி கென்சாய் என்ற நிஜக் கொலையாளியை. ஆள் குள்ளமாக, மென்மையாக இருப்பாராம். மேலைநாட்டுக் கல்வி வேண்டும் என்று சொன்ன அறிஞர் சகுமா ஷோசானை 1864-இல் கியோட்டோவில் பட்டப்பகலில் வெட்டியவர். அவர் கதி என்ன ஆச்சு? யாருக்காக வாள் எடுத்தாரோ, அந்தப் பக்கம் ஜெயித்து அரசாங்கம் அமைத்த பிறகு, அதே அரசாங்கம் மெய்ஜி 4-ஆம் ஆண்டின் கடைசி மாதத்தில் அவர் தலையை வெட்டியது. வெளிநாட்டுக்காரர்களை விரட்ட வேண்டும் என்ற பழைய கொள்கையை அவர் விடவில்லை, அரசாங்கம் விட்டுவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம். தொடரில் இது கொஞ்சம் வருகிறது, ஷிஷியோ என்ற வில்லன் மூலமாக. கென்ஷினுக்குப் பிறகு அதே வேலையைச் செய்தவன். வேலை முடிந்ததும் ரகசியம் வெளியே வந்துவிடும் என்று அவனை உயிரோடு கொளுத்திவிட்டார்கள். ஆனால் அவனை வில்லனாக்கிவிட்டதால் அவன் சொல்லும் நியாயம் யார் காதிலும் ஏறுவதில்லை. இது கதாசிரியர் செய்த தந்திரம் என்றே நினைக்கிறேன்.

பெரியவர்கள் கட்சிக்கு ஒரு வார்த்தை. இந்த நான்கு பகுதிகளில் ரத்தம் நிறைய உண்டு. ஆறு, ஏழாம் வகுப்புத் தம்பி தங்கைகள் பார்க்க வேண்டாம் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் பழிவாங்கலைக் கற்றுத் தருகிறது என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. முதல் வெட்டு விழுந்ததில் இருந்து ஒருத்தருக்காவது நிம்மதி கிடைக்கிறதா, பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் டீச்சர். விசில் அடிக்கும்படி வில்லனைக் கொன்று, உடனே சுபம் போடும் கதைகளைக் குடும்பத்தோடு உட்கார்ந்துதானே பார்க்கிறோம்!

என் பக்கத்து பெஞ்ச் நண்பன் இதைப் படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டான். "எல்லாம் சரிடா. கென்ஷின் கடைசியில் கல்யாணம் பண்ணி, பிள்ளை பெத்து நல்லா இருக்கான். கியோசாட்டோ செத்துட்டான். அவன் அம்மா அப்பாவுக்கு என்ன பதில்? கூர் மாத்தி வச்ச வாள் அவங்களுக்கு எதுக்கு?" பதில் சொல்ல முயன்றேன். தோமோயேவின் தம்பி எனிஷி இதே கேள்வியோடுதான் வருகிறான். அக்கா சாவதைக் கண்ணால் பார்த்தவன். படக்கதையின் கடைசிக் கட்டம் முழுக்க அவனுடைய பழிதான். 2021-இல் வந்த சினிமாவிலும் பார்க்கலாம். அவன் ஜெயிக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. அக்காவின் டைரி மட்டும் அவன் கைக்கு வருகிறது. எல்லாம் இழந்தவர்கள் ஒதுங்கிக் கிடக்கும் ஒரு இடத்தில் போய்ச் சேர்கிறான். அதோடு விட்டுவிடுகிறார்கள்.

"அதுவும் எனிஷிக்குத்தான், கியோசாட்டோவுக்கு இல்லை" என்கிறான் நண்பன். விடமாட்டேங்கிறான். அடுத்த இதழில் கியோசாட்டோ பக்கம் நின்று அவனையே எழுதச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தாளுக்குப் பக்கத்திலேயே ஒட்ட இடம் விட்டு வைக்கும்படி இதழ்க் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

- 11-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு