‘விளக்கம் இல்லாத தாய்’ என்னும் குற்றச்சாட்டு

இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு 17 பேருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை, 15 பேருக்கு உயரத்துக்கேற்ற நிறையில்லை என்று 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வு காட்டியது. காரணம் என்னவென்று கேட்டால், ஜூனில் வரும் போசாக்கு மாதக் கூட்டங்களில் வருடா வருடம் ஒரே பதில்தான் கிடைக்கிறது: “தாய்மாருக்கு விளக்கம் இல்லை.” அம்பாறை மாவட்டத்தின் நற்பிட்டிமுனையிலும் மருதமுனையிலும் சின்னப் பிள்ளையை மடியில் வைத்தபடி தாய்மார் இதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கூற்று பிழையானது, அநியாயமானதும்கூட.

அதே ஆய்வின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 சதவீதத்தினர் தாய்ப்பாலை மட்டுமே குடித்தார்கள். உலக நாடுகள் பலவற்றால் எட்ட முடியாத அளவு இது. விளக்கமில்லாத தாய்மாரா இதைச் சாதித்தார்கள்? மிட்வைஃப் வீடு தேடி வருகிறார், கிளினிக்கில் மாதாமாதம் நிறை பார்க்கிறார்கள். ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு என்று ஒவ்வொரு வீட்டிலும் வளர்ச்சிப் பதிவேடு இருக்கிறது. அதிலுள்ள கோடு கீழே சரிந்தால் என்ன அர்த்தம் என்று தாய்க்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சிக்கல் ஆறு மாதத்துக்குப் பிறகு தொடங்குகிறது. எட்டுக் கிலோ நிறையுள்ள பிள்ளையின் வயிறு ஒரு வேளைக்கு ஏறத்தாழ 240 மில்லிலீற்றர்தான் கொள்ளும். ஒன்பது மாதப் பிள்ளைக்குத் தாய்ப்பாலுக்கு மேலதிகமாக நாளொன்றுக்கு 300 கலோரி தேவை. தண்ணீராக ஓடும் கஞ்சி வயிற்றை நிரப்பிவிடும், உடம்பைத் தேற்றாது. கஞ்சி கரண்டியில் நிற்கிற பதத்தில் இருக்க வேண்டும். அதில் தேங்காய்ப்பாலோ முட்டையோ முள்ளெடுத்து மசித்த மீனோ சேர வேண்டும். இதெல்லாம் தாய்க்குத் தெரியும். சேர்ப்பதற்குச் சாமான்தான் வீட்டில் இல்லை. 2022 செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்துக்குப் போனது. கடலை நம்பிய வீட்டிலோ வாடைக்காலம் வந்தால் தோணி இறங்காது, கரைவலைப் பங்கு கிடைக்காது, நெத்தலிகூட சட்டிக்கு வராது. அந்த நாளில் தாய்க்கு மீனின் சிறப்பைப் பற்றி வகுப்பு எடுத்து என்ன பயன்? இப்படிப்பட்ட வீடுகளுக்கென்றே 1973இல் திரிபோஷா என்னும் சத்துமா தொடங்கப்பட்டது. விலை உச்சத்திலிருந்த 2022இலேயே சோளத் தட்டுப்பாட்டாலும் அஃபிளாடொக்சின் என்னும் பூஞ்சை நச்சுப் பிரச்சினையாலும் சின்னப் பிள்ளைகளுக்கான பொதி தடைப்பட்டது. பொதி வராததற்கும் தாயின் விளக்கம்தான் காரணமா?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதே 2016 ஆய்வின்படி, மிக வறிய ஐந்திலொரு பங்குக் குடும்பங்களில் நூற்றுக்கு 25 பிள்ளைகள் உயரம் குன்றியிருந்தார்கள். மிக வசதியான ஐந்திலொரு பங்கில் 12 பேர். கிளினிக் ஒன்று, பதிவேடு ஒன்று, அறிவுரையும் ஒன்று. வேறுபட்டது வருமானம்.

அம்பாறை நெல் விளையும் மாவட்டம், அங்கே பசி எப்படி வரும் என்பார்கள். வயல் வைத்திருப்பவர் ஒருவர், கூலிக்குப் போகிறவர் இன்னொருவர். வெறும் சோறு மட்டும் பிள்ளைக்குத் தேவையான இரும்புச்சத்தைக் கொடுத்துவிடாது.

போசாக்கு சமையலறையில் மட்டும் தீர்மானிக்கப்படுவதுமில்லை. நாட்டில் பிறக்கும் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 16 பேர் இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகவே பிறக்கிறார்கள். தாய் தன் சிறுவயதில் சாப்பிடாததும், கர்ப்பத்தில் தீராத இரத்தசோகையும் இதில் சேர்ந்திருக்கின்றன. மணல் நிலத்தில் கிணறும் மலசலகுழியும் அடுத்தடுத்து இருக்கும் சிறு காணிகளில் வயிற்றோட்டம் திரும்பத் திரும்ப வரும். தின்றதும் உடம்பில் ஒட்டாது. உணவு, நோய், பராமரிப்பு, சுற்றாடல், இவற்றுக்கெல்லாம் பின்னாலிருக்கும் வறுமை என்று காரணங்களை யுனிசெஃப் 1990இலேயே படிப்படியாக வரைந்து காட்டிவிட்டது.

வெளிநாட்டுக்குப் போன தாய்மார் மீதும் பழி விழுகிறது. கிழக்கில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போவதால், தாயின் தாயான உம்மம்மா பெரும்பாலும் அதே வளவிலோ பக்கத்திலோதான் இருப்பார். பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல் போவதில்லை. ஊரில் கூலி போதாததால்தான் அந்தத் தாய் விமானம் ஏறினாள். தாய்ப்பாலும் அன்றோடு நின்றது.

அடுத்த ஜூனில் மேடை ஏறுகிறவர்கள் முதலில் அந்த ஊர்க் கடையில் முட்டை என்ன விலை என்று கேட்கட்டும். கிளினிக்குக்குத் திரிபோஷா கடைசியாக எந்த மாதம் வந்தது என்றும் கேட்கட்டும். அதற்குப் பிறகு தாய்மாரைப் பற்றிப் பேசட்டும்.