காக்கா தாத்தாவாகும் வயது

கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகும் சாலையில் இருக்கிறது நாட்றாம்பாளையம். காவிரியைத் தாண்டினால் கர்நாடகம். வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசிவிட்டுப் பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் இந்த எல்லையோர ஊர்களில் ஏராளம். இங்கே ஒரு குழந்தைக்குப் பேச்சு சரியில்லை என்று யாராவது சொன்னால், எந்த மொழியில் என்று முதலில் கேட்டாக வேண்டும்.

பாலை ‘ஹாலு’ என்னும் கன்னட வீட்டுப் பிள்ளையிடம் குறை ஏதுமில்லை. சொல் முதலில் வரும் பகரத்தைக் கன்னடம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஹகரமாக்கிக்கொண்டது. ழகரத்தைக் கன்னடமும் தெலுங்கும் எப்போதோ விட்டுவிட்டன. தமிழ்நாட்டிலேயே பல வட்டாரங்களில் பழம் ‘பளம்’தான். இதற்காக ஒரு பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிற்கவைத்து மற்றவர்களைச் சிரிக்க விடுவது கொடுமை.

உண்மையான ஒலிப்பிழை வேறு. மூன்று வயதில் காக்காவைத் ‘தாத்தா’ என்றால் வீடே மகிழ்கிறது, மகிழலாம். ஆறு வயதிலும் கை ‘தை’யாகவும் குடை ‘துடை’யாகவும் நின்றால் கவனிக்க வேண்டும். உற்றுக் கேட்டால் இந்தப் பிழைகள் எல்லாவற்றுக்கும் ஒரே விதி தெரியும்: நாவின் அடியில் பிறக்க வேண்டிய ஒலியைக் குழந்தை பல்லடிக்குக் கொண்டுவந்துவிடுகிறது. சோம்பலோ நாக்குத் தடிப்போ காரணமில்லை.

ஒலி எங்கே பிறக்கிறது என்று தமிழன் அறியாதவனல்ல. ககரம் அடிநாவிலும் தகரம் பல்லடியிலும் பிறப்பதைத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் பிரித்துச் சொல்கிறது. ஆனால் பேச்சு வராத பிள்ளைக்கு நாம் தந்ததெல்லாம் நாக்கில் தடவிய வசம்பும் ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்ற ஆறுதலும்தான்.

சிகிச்சையின் வரலாறும் நெடுங்காலம் நாக்கையே நம்பியிருந்தது. அமெரிக்காவில் சார்லஸ் வான் ரைப்பர் 1939இல் எழுதிய நூல் ஒரு தலைமுறைக்கே வழிகாட்டியது. குழந்தை முதலில் ஒலியைக் காதால் பிரித்தறிய வேண்டும். பிறகு தனி ஒலி, அசை, சொல், வாக்கியம் என்று படிப்படியாகப் பழக வேண்டும். ஓரிரு ஒலி மட்டும் தடுக்கும் பிள்ளைக்கு இந்த முறை இன்றும் உதவுகிறது. அதைப் பழசு என்று தள்ளுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. பேச்சே விளங்காத அளவுக்குப் பல ஒலிகள் புரளும் பிள்ளைக்குத்தான் அது போதவில்லை. குழந்தையின் ஒலிகள் ஓர் அமைப்பு என்று மொழியியலாளர் ரோமன் யாகப்சன் 1941இல் காட்டியதும், பிழைகளின் விதிகளை டேவிட் இங்கிராம் 1976இல் வகுத்ததும் சிகிச்சையின் திசையை மாற்றின. 1983இல் பார்பரா ஹாட்சனும் எலெய்ன் பேடனும் சுழற்சி முறையை முன்வைத்தார்கள். ஒரு விதியைத் திருத்தச் சில வாரம் பழக்கி, அது முழுதாகக் கைகூடக் காத்திராமல் அடுத்ததற்குப் போய், பிறகு திரும்பி வருவது. குழந்தைகள் பேச்சு கற்பதே அப்படித்தான்.

இன்னொரு வழி, ஓரொலி மட்டும் வேறுபடும் சொல் இணைகள். மேசையில் இரண்டு படங்கள்: ஒன்று கட்டு, ஒன்று தட்டு. கட்டைக் கேட்க நினைக்கும் பிள்ளை ‘தட்டு’ என்கிறது. பயிற்சியாளர் திருத்தவில்லை, தட்டுப் படத்தை எடுத்து நீட்டுகிறார். பிள்ளை தலையாட்டி மறுத்து மறுபடி கேட்கிறது, மறுபடி தட்டே வருகிறது. தான் சொன்னதும் நினைத்ததும் வேறு என்று அது உணரும் அந்த நொடியில் சிகிச்சை தொடங்குகிறது. காது கேட்கிறதா, அண்ணம் பிளவுபட்டிருக்கிறதா என்பதை அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

இந்த அறிவு நமக்கு அக்கரையிலேயே இருக்கிறது. அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் மைசூரில் 1965இல் தொடங்கியது. கன்னட ஒலிப்புச் சோதனை 1972இலேயே வந்துவிட்டது. தமிழுக்கான சோதனையும் 1980களில் மைசூர் ஆய்வேடாகத்தான் உருவானது. அங்கிருந்து நாட்றாம்பாளையத்துக்கு வரும் வழிதான் அறுபது ஆண்டுகளாகியும் திறக்கவில்லை. வாரம் ஒரு முறை ஒசூருக்கோ கிருஷ்ணகிரிக்கோ பிள்ளையை அழைத்துப் போக வேண்டுமென்றால் தாய்க்கு ஒரு நாள் கூலி போகும். சில வாரங்களில் நின்றுவிடும் அந்தப் பயணத்துக்குப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். பேச்சு தாமதிக்கும் பிள்ளைகளை அது கண்டறியவும் கூடும். கண்டறிந்த பிறகு வாரந்தோறும் யார் வருவது? வீடு தேடி மருத்துவம் தரும் தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று இதே மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. இயன்முறைப் பயிற்சியாளர் வீட்டுக்கே வரலாம் என்று ஏற்றுக்கொண்ட அரசு, பேச்சுப் பயிற்சியாளரையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அவருக்குக் கன்னடமும் தெலுங்கும் தெரிந்திருக்க வேண்டும்; அவர் கொண்டுவரும் படங்களில் ராகிக்களியும் யானையும் ஆடும் இருக்க வேண்டும். மூன்று மொழியும் பேசி வளர்ந்த இளைஞர்கள் அஞ்செட்டி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். பேச்சுப் பயிற்சியாளர் படிப்புக்கு அவர்களில் சிலரை உதவித்தொகை கொடுத்து அனுப்பும் வேலையை வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.